உயிரோடு இருந்தவருக்கு ஓர் இரங்கல் தீர்மானம்

மழை விட்ட காலையில் தெருமுனையில் யாரோ பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நெடி மாடிப்படி ஏறி, காப்பி மணத்தை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கு அது சாக்கடை வாசனை, காய்ச்சல் கால வாசனை. எனக்கு அது மாதக் கூட்டத்தின் வாசனை. கூட்ட நாளன்று சுகாதாரப் பிரிவு ஆட்கள் நகராட்சி அலுவலக வாசலிலிருந்து மன்றக் கூடத்துப் படி வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்துவிடுவார்கள். உறுப்பினர்கள் அதை மிதித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். சிவப்புக் கம்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் காலடிகள். எல்லோரும் போன பிறகு அந்தக் காலடிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். யார் யாரோ கனவில் நடந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அந்த நெடியோடு சேர்ந்தே தொலைபேசியும் அடித்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பவித்ரா.

"அக்கா, நாளைக்குக் கூட்டம். பழைய கவுன்சிலர் ஒருத்தர் தவறிட்டாராம். இரங்கல் தீர்மானம் மாடல் எதுனா இருந்தா வாட்ஸ்அப்ல போடுங்களேன். இப்ப எல்லாம் டேப்லெட்லதான் ஏத்தணும், டைம் இல்ல."

"மொதல்ல அவரு செத்துட்டாரான்னு நல்லாப் பாத்துக்க" என்றேன்.

அவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். மாதிரியை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த மாதிரி எந்த வெயிலில் கிடந்து காய்ந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அதற்குத்தான் இது.

நான் தட்டச்சராகச் சேர்ந்தவள். கடலூரில் கொஞ்ச காலம், வேறு இரண்டு ஊர்களில் கொஞ்ச காலம். விரல்கள் தேய்ந்ததைத் தவிர அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் பேருந்துகள் நின்று போகும் ஒரு சின்ன ஊரின் நகராட்சிக்கு வந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், நாலு பேருக்குச் சங்கடம். அங்கே மன்றப் பிரிவு. மாதா மாதம் மன்றம் கூடும். மன்றம் விவாதிக்க வேண்டிய பொருள்களைத் தயாரிப்பது, கூட்டத்தில் அவற்றை வாசிப்பது, முடிவானதைத் தீர்மானமாக எழுதுவது. ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். உண்மையில் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இப்போது எந்தப் பேருந்து முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறேன். காட்டுமன்னார்கோயில் வண்டி என்றால் ஏரிக்கரை. பரங்கிப்பேட்டை வண்டி என்றால் கடல். போய்ச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். கேட்டால், எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அந்த மன்றக் கூடம் மட்டும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் கூடவே வருகிறது. மத்தியான நேரம். உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். ஜன்னல் வழியே உப்புக் காற்று. நான் ஒலிபெருக்கியின் முன்னால் நின்று வாசிக்கிறேன். இந்தத் தெருவுக்கு விளக்கு, அந்த வாய்க்காலுக்குத் தூர், சந்தைக் கூரைக்கு ஓடு, நாய்களுக்கு ஊசி. ஒரு ஊர் தன்னைத்தானே மெதுவாக எண்ணிப் பார்த்துக்கொள்வது போல இருக்கும். உறுப்பினர்களில் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். கண்ணைத் திறக்காமலேயே "ஆல் பாஸ், ஆல் பாஸ்" என்பார்கள். கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்கிறவர்கள் எதிர் டீக்கடை வரை போய், பஜ்ஜி வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்து, வந்திருந்தால் ஜனநாயகத்தை மன்னித்து உள்ளே வருவார்கள்.

எங்கள் மேலாளர் கலியபெருமாள் சார் வடலூர்க்காரர். பூச நாளில் கூட்டம் வைக்க விடமாட்டார். ஜோதி பார்க்கப் போக வேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் ஜாஸ்தியானால் என் கண்ணாடியையும் கேட்டு வாங்கித் துடைப்பார். துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது உலகம் கொஞ்சம் பளிச்சென்று தெரியும், அதனால் நாங்கள் யாரும் அவர் கோபத்துக்குப் பயந்ததில்லை.

தீர்மானத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஜன்னலோரம் நின்று ஒரு வாக்கியம் சொல்வார். என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். "எங்க மூச்சு முட்டுது?" என்பார். முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை முறித்து இரண்டாக்குவார். கூட்டத்தில் வாசிக்கிறபோது ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் நிறுத்த வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"ஒருத்தரு நாற்காலிய விட்டு எழுந்திரிக்க எவ்ளோ நேரம் ஆவும்? அவ்ளோ நேரம். வயசானவங்க இருந்தா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்று தெரிந்த பொருளுக்கும் அப்படி நிறுத்துவேன். அந்த இடைவெளியில் விசிறிச் சத்தமும், தூரத்தில் பேருந்து நிலையத்துச் சத்தமும் கேட்கும். எனக்கு அந்த வேலையில் பிடித்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வாசித்ததைவிட, வாசிக்காமல் நின்ற நேரம்.

இரங்கல் தீர்மானம் எப்போதும் முதலில் வரும். இருக்கிற உறுப்பினரோ, முன்னாள் உறுப்பினரோ இறந்துவிட்டால், மற்ற பொருள்களை எடுப்பதற்கு முன் அதை வாசிக்க வேண்டும். எல்லோரும் எழுந்து நின்று மௌனம். தீர்மானத்தின் நகலில் சேர்மன் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மாலையோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வாங்கிக்கொண்டதற்குக் குடும்பத்தார் ஒருவரிடம் கையொப்பம் பெற வேண்டும்.

இப்போது சவரிமுத்து ஐயா.

ஓடைக்கு அந்தாண்டை உப்பளத்தெரு என்று ஒன்று. மண்ணைத் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். நகராட்சிக் குடிநீர்க் குழாய் ஓடைக்கு இந்தாண்டையே நின்றுவிட்டது. பெண்கள் நடைபாலம் தாண்டி வந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அந்தத் தெருக்காரர் சவரிமுத்து ஐயா. மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்த்தவர். மாதா கோயில் திருவிழாவில் தேர் வடத்துக்கு முதல் ஆளாக நிற்பவர். ஒரே ஒரு முறை சுயேச்சையாக நின்று ஜெயித்து உறுப்பினரானார். அந்த ஐந்து வருடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வீராணத்துத் தண்ணி மெட்ராசுக்கே போவுது. நம்ம தண்ணி இந்த ஓடையத் தாண்ட மாட்டேங்குதே, ஏன் சேர்மன்?"

ஒவ்வொரு முறையும் ஒத்திவைப்பு. பாலத்தின் பக்கவாட்டில் குழாய் கட்ட அனுமதி வரவில்லை, மதிப்பீடு பழசாகிவிட்டது, அடுத்த நிதியாண்டு. தண்ணீர் வராததால் அடுத்த தேர்தலில் அவர் தெருவே அவரைத் தோற்கடித்தது. அதற்கு அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "நியாயந்தானே" என்றார். அதன் பிறகு பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். பார்வையாளர்கள் கூட்டத்தில் பேசக் கூடாது. அவரும் பேசமாட்டார். நான் பொருள்களை வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து, உப்பளத்தெரு என்ற சொல் வரவில்லை என்று உறுதியான பிறகு எழுந்து போவார். மாதா மாதம். சேர்மன்கள் மாறினார்கள். அந்த பெஞ்ச் மாறவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கூட்ட நாள் காலையில் சேர்மன், மேலாளர் அறைக்கு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். அவருக்கு அரிசி ஆலை இருந்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டால்தான் அவருக்கு நிம்மதி.

"சவரிமுத்துவ நேத்து சாயங்காலம் வூட்டுக்கே கொண்டாந்துட்டாங்களாம் சார். டாக்டருங்க கைய விரிச்சிட்டாங்க. மாதா கோயில் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாராம். இன்னிக்கோ நாளைக்கோ. நமக்கு இன்னிக்குக் கூட்டம். விட்டா அடுத்த மாசந்தான். இரங்கல் எழுதி ரெடியா வெச்சிக்கங்க. ரெண்டு நல்ல வார்த்தை சேருங்க."

அவர் போனதும் கலியபெருமாள் சார் ஜன்னலோரம் போய் நின்றார். வழக்கமான வாக்கியங்களைச் சொன்னார். பிறகு சொன்னார்: "உப்பளத்தெரு மக்களுக்குக் குடிநீர் கொண்டுவந்து சேர்த்த பெருமைக்குரியவரும்..."

நான் கையை நிறுத்தினேன். "சார், தண்ணி வரலையே."

"தெரியும்மா. எழுது."

"பொய்யாயிடுமே சார்."

"அஞ்சு வருஷம் நின்னுக்கிட்டே கேட்டாரு, அப்பறம் உக்காந்துக்கிட்டே கேட்டாரு. குடுக்கல. எழுத்துலயாவது குடுப்போம். எங்கயாவது மூச்சு முட்டுதா, வாசி."

வாசித்தேன். எங்கேயும் முட்டவில்லை.

மத்தியானம் கூட்டம் கூடியது. அந்த வார்டின் அப்போதைய உறுப்பினர் செல்வராசு தாமதமாக, தலைமுடி காற்றில் கலைந்து, ஓடி வந்தார். சேர்மன் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஷாமியானா போட்டாச்சு சேர்மன். சேர் எறக்கிட்டாங்க. ஐஸ் பெட்டிக்கும் சொல்லியாச்சு" என்றார் செல்வராசு.

இவ்வளவுதான். இறந்துவிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை, இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவுமில்லை. பந்தல் போட்டால் சாவு. நாற்காலி இறங்கினால் சாவு. எங்கள் ஊரில் அதற்கு மேல் அத்தாட்சி கேட்டால் மரியாதைக் குறைவு. சேர்மன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வாசித்தேன். தண்ணீர் கொண்டுவந்தார் என்ற வரி வந்தபோது செல்வராசு நிமிர்ந்து பார்த்தார்; சாவு விஷயத்தில் சண்டை போடக் கூடாது என்று விட்டுவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். அந்த மௌனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பார்வையாளர் பெஞ்ச் காலியாக இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் நகர்ந்து வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தது. மனுசன் இல்லாத இடத்தில் வெளிச்சம் எவ்வளவு தாராளமாகக் கால் நீட்டிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நகலையும் மாலையையும் எடுத்துக்கொண்டு தபால் கொண்டுபோகும் தபேதார் முனுசாமி சைக்கிளில் போனார். கூட்டம் முடிந்து நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து, கையொப்பம் வாங்கிய தபால் நோட்டை என் மேசையில் வைத்தார். முகத்தில் ஒரு மாதிரியான பவ்யம்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேங்க."

"யாருகிட்ட?"

"அவருகிட்டதாங்க."

"எவருகிட்ட?"

"சவரிமுத்து ஐயாகிட்ட. பந்தல்ல உக்காந்து கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. குடும்பத்துக்காரங்க யாரும் கிட்ட இல்ல. 'எதுக்கு அவுங்களக் கூப்புட்டுக்கிட்டு, குடு நானே போடறேன்'னு வாங்கிப் போட்டுட்டாரு."

சேர்மன் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. "மாலை?"

"அதையும் அவருதான் வாங்கிக்கினாரு. கெட்டிச் சம்பங்கின்னு சொன்னாரு."

விடியற்காலையில் காய்ச்சல் விட்டு, கண் திறந்து, கஞ்சி கேட்டிருக்கிறார். பந்தல்காரன் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றதால் பந்தல் அப்படியே இருந்திருக்கிறது. நிழல் நன்றாக இருக்கிறது என்று நாற்காலியைப் போடச் சொல்லி வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

ஊர் சிரித்தது. மீன் சந்தையில், பேருந்து நிலையத்தில், பள்ளிவாசல் பக்கத்து பிரியாணிக் கடையில். "நகராட்சில வரி பாக்கி வெக்காதீங்க, உயிரோட பொதைச்சிடுவாங்க" என்று ஒருவர். சேர்மனுக்கு அவமானம் தாங்கவில்லை. உடனே ரத்து செய்ய வேண்டும் என்றார். நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாதத்துக்குள் ரத்து செய்ய வேண்டுமானால் உறுப்பினர்களில் பாதிப் பேராவது ஆதரிக்க வேண்டும். அதெல்லாம் ஆதரிப்பார்கள், அடுத்த கூட்டத்தில் பொருள் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் சவரிமுத்து ஐயா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். உடம்பு பாதியாகியிருந்தது. சட்டை யாரோ பெரியவருடையது போலத் தொங்கியது. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் நகல். கலியபெருமாள் சார் எழுந்து நின்று உட்காரச் சொன்னார்.

"உக்காந்தா எழுந்திரிக்க ஆள் வேணும் சார். நின்னுக்கிட்டே சொல்லிடறேன். இதுல நான் செத்துட்டேன்னு போட்ருக்கு. அத நான் தப்பு சொல்லல. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு அது உண்மையாயிடும்." விரலை வேறு வரிக்கு நகர்த்தினார். நகம் கறுத்திருந்தது. "இந்த வரி எப்ப சார் உண்மையாவும்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நானும் கழற்றிக் கொடுத்தேன். யார் மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.

"சேர்மன் ரத்துக்குப் பொருள் வெக்கச் சொல்லிட்டாருங்க" என்றார் மெதுவாக.

"வைங்க. வேணாங்கல. சாவ ரத்து பண்ணுங்க. தண்ணிய எதுக்குப் பண்றீங்க? எம் பொண்ணு இத எங்க தெருவுல படிச்சிக் காட்டுச்சி. எல்லாரும் என்னப் பாக்கறாளுவ. 'மாமா, தண்ணி கொண்டாந்துட்டியாமே, எங்க வெச்சிருக்க?'ன்னு கேக்கறாளுவ. நான் இன்னும் கொஞ்ச நாள்தான். போறதுக்குள்ள ஒரு பதிலு சொல்லிட்டுப் போவணும்."

அவர் போன பிறகு சார் பொறியாளரை வரவழைத்துப் பேசினார். குழாய் போவதற்கான மதிப்பீடு ஏற்கெனவே இருந்தது, தூசி தட்டித் திருத்த வேண்டியதுதான். பாலத்தில் கட்டுவதற்கான அனுமதியும் எப்போதோ வந்து, கேட்பாரில்லாமல் கிடந்தது. அதன் பிறகு அவர் சொல்ல நான் எழுதினேன். பொருளை இரண்டு பகுதியாகப் பிரித்தார். ஒன்று, இரங்கல் ரத்து. இரண்டு, உப்பளத்தெருவுக்குக் குடிநீர் சேர்ந்ததாக இம்மன்றமே எழுந்து நின்று ஒப்புக்கொண்டுவிட்டதால், மன்றத்தின் சொல் மெய்யாகும்படி குழாயை ஓடைக்கு அப்பால் நீட்டிப்பது. சேர்மனிடம் காட்டினார். சேர்மன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எழுந்து நின்னது என்னமோ நெசந்தான்" என்றார். "வைங்க. செல்வராசு ஒத்துக்கிட்டா சரி. அவன் வார்டு. அவன் வேணாம்னா மத்தவன் எவனும் கைதூக்க மாட்டான்."

கூட்ட நாள். வெள்ளைக் கோடுகள். பார்வையாளர் பெஞ்சில் சவரிமுத்து ஐயா, தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றி. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்கு வணக்கம் சொன்னார்கள். தாங்கள் மௌனமாக நின்று அனுப்பிவைத்த மனுசன் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு வெட்கம்.

நான் வாசித்தேன். முதல் பகுதிக்கு "ஆல் பாஸ்" என்று சிரிப்போடு குரல்கள். இரண்டாம் பகுதியை வாசித்துவிட்டு நிறுத்தினேன். ஒருவர் எழுந்திருக்கும் நேரம். செல்வராசு எழுந்தார்.

"ஆட்சேபணை. நான் கவுன்சிலரா, அவரு கவுன்சிலரா? நாளைக்குத் தண்ணி வந்தா, சவரிமுத்து கொண்டாந்த தண்ணின்னு இதுலயே போட்டிருக்கு. அப்ப நான் எதுக்கு? ஓட்டுக் கேக்க நான் எந்தத் தண்ணிய எடுத்துக்கிட்டுப் போறது?"

கூடத்தில் சிரிப்பில்லை. எல்லோருக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஒத்திவைக்கலாம் என்று பின்வரிசையில் ஒரு குரல். அந்தச் சொல் எனக்குப் பழகிய சொல்தான். அன்றைக்கு அதைக் கேட்டதும் பார்வையாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு மாதம் ஒத்திவைத்தால், ஒரு மாதம். அந்த பெஞ்சைப் பார்த்தால் ஒரு மாதம் என்பது எவ்வளவு என்று தெரியும்.

சேர்மன் மணியைத் தட்டினார். "டீ சாப்புட்டுட்டு வருவோம்."

தாழ்வாரத்தில் பஜ்ஜித் தட்டு சுற்றி வந்தது. செல்வராசு தூணோரம் தனியாக நின்றார். சவரிமுத்து ஐயா தடியை ஊன்றி ஊன்றி அவர் பக்கத்தில் போய் நின்றார். நான் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு அருகில்தான் இருந்தேன், போகவும் தோன்றவில்லை.

"இன்னா மாப்ள, பஜ்ஜி எடுக்கல?"

"நீ பேசாத மாமா. செத்துப்போயியும் எனக்குப் போட்டியா நிக்கிற."

"நான் எங்கடா நின்னேன். அவுங்கதான் எனக்காவ நின்னாங்க. நீயும் நின்ன. கைய வேற கட்டிக்கிட்டு நின்னியாம்."

செல்வராசு சிரிக்காமலிருக்க முயன்றார். "பேரு உனக்குப் போனா நான் அடுத்த தடவ காலி. ஒன்ன மாதிரியே பெஞ்சுல வந்து உக்கார வேண்டியதுதான்."

"பேரு நீ எடுத்துக்க. பாலத்துகிட்ட கல்லு வெப்பீங்கல்ல, தெறப்பு விழா கல்லு? அதுல ஒம் பேரு போடு. பெருசாப் போடு. ஒங்கப்பன் பேரையும் சேத்துப் போடு. எனக்கு எதுக்குடா கல்லு? கல்லறைத் தோட்டத்துல எனக்குன்னு ஒரு கல்லு காத்துக்கிட்டு கெடக்கு. அதுல எழுதவே எடம் ஜாஸ்தி."



"எங்கம்மாவும் அந்தப் பாலத்துலதான் கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போனா, மாமா" என்றார் செல்வராசு.

"தெரியும்டா. ஒன்ன இடுப்புல ஒரு பக்கம், கொடத்த ஒரு பக்கம். நீதான் கனமா இருந்த."

மறுபடி உள்ளே போனோம். நான் இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசித்தேன். நிறுத்தினேன். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தினேன் என்று கலியபெருமாள் சார் பிறகு சொன்னார். செல்வராசு உட்கார்ந்தபடியே, "ஆட்சேபணை இல்ல" என்றார். "ஆல் பாஸ்" என்று கூடம் முழங்கியது. பெஞ்சில் சவரிமுத்து ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தடியை மட்டும் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன.

பவித்ரா, தீர்மானம் எழுதுவது சுலபம். குழாய் போடுவது அப்படியல்ல. ஒப்பந்தம், குழாய் வந்து இறங்குவது, பாலத்தின் பக்கவாட்டில் இரும்புத் தாங்கிகள், நடுவில் ஒரு மழை. அந்த மாதங்களில் நான் மாலைப் பேருந்துக்கு நேரே போகாமல் ஓடைப் பக்கம் சுற்றிக்கொண்டு போவேன். கறுப்புக் குழாய் பாலத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு கை தூரம் வளர்ந்தது போலத் தோன்றும். ஓடையில் கொக்குகள். எதிர்க்கரையில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி. அங்கிருந்து கையை அசைப்பார். சில நாள் நாற்காலி மட்டும் இருக்கும். அன்றைக்கெல்லாம் பேருந்தில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே ஒன்றும் தெரியாது.

அவர் இறந்தபோது அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது. இந்த முறை சேர்மன் மணியைத் தட்டுவதற்கு முன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "செல்வராசு, நேர்ல பாத்தியா?"

"பாத்தேன் சேர்மன். தொட்டும் பாத்துட்டேன்" என்றார் செல்வராசு.

கலியபெருமாள் சார் புதிதாக எதையும் சொல்லவில்லை. பழையதையே எடுத்துக்கொள் என்றார். அதையே வாசித்தேன். அதைத்தான் இன்று காலை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றிக்கொள். தண்ணீர் கொண்டுவந்தார் என்ற வரியை எடுத்துவிடு. அதை வேறு யாருக்கும் போட முடியாது.

ஆனால் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முன்னால், சோதனை ஓட்டத்தன்று. திறப்பு விழா மறுநாள். பாலத்து முனையில் செல்வராசுவின் பெயர் பொறித்த கல், துணி போர்த்தி நின்றது. அந்தி நேரம். வேலையாள் அந்தாண்டைக் கரையில் வால்வைத் திருப்பினார். முதலில் காற்று. குழாய் பெரிதாக இருமியது, துப்பியது, செம்மண் நிறத்தில் கொஞ்சம் விட்டது, மறுபடி இருமியது. குடங்களோடு நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு தண்ணீர், கண்ணாடி போல. வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சமெல்லாம் அந்த ஒரு விரல் கனத்தில் இறங்கி வந்தது.

முதல் குடம் யாருடையது என்று சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு பெண் சொம்பில் பிடித்து அவரிடம் கொண்டுபோனாள். அவர் மகள் குறுக்கே வந்தாள்.

"அப்பா, டாக்டர் அளவாத்தான் குடிக்கச் சொல்லியிருக்காரு. இன்னிக்கு அளவு முடிஞ்சிபோச்சி."

"நாளைய அளவுல கழிச்சிக்க" என்று சொல்லிவிட்டு ஒரு மடக்கு குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். விழுங்க மனமில்லாதவர் போல வெகுநேரம். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணோரம் நனைந்திருந்தது, சொம்பிலிருந்து தெறித்ததாலும் இருக்கலாம்.

சிதம்பரம் வண்டிக்கு நேரமாகிவிட்டது. வருகிறேன் ஐயா என்றேன். தலையசைத்தார். அவர் கண்கள் என் மேல் இல்லை, நிரம்பிக்கொண்டிருந்த குடத்தின் மேல் இருந்தன. நான் பாலத்தில் ஏறிப் பாதி தூரம் வந்திருப்பேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. அந்த உடம்பில் அவ்வளவு குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"பாப்பா! இந்தக் கொடம் ரொம்பறதுக்கு இவ்ளோ நேரம் ஆவுது பாரு. ஃபோர்ஸ் பத்தல. அடுத்த கூட்டத்துல ஒரு பொருளா வையி!"